முப்பத்தேழு பிழைகள்

மார்ச் 4, செவ்வாய்

கூட்டம் முடிந்து ஒரு மணி நேரமாகிறது. இன்னும் காது சூடாக இருக்கிறது. பேச்சுப் பலகையின் புதிய பதிப்பை இருபதாம் தேதி வெளியிடுகிறார்களாம். குறித்தவர் வழக்கம்போலத் தேதிக்காரர். எங்கள் மென்பொருள் குழுவின் பதினொரு பேரில் யாருக்கும் இதற்குச் சம்பளம் கிடையாது. ஆனால் அவர் பேச்சைக் கேட்டால் ஏதோ ரயில் விடுகிறவர் மாதிரி இருக்கும்.

இந்த மென்பொருள் யாருக்காக என்றாவது இவர்களுக்கு நினைவிருக்கிறதா? திரையில் எழுத்துகள் ஒவ்வொன்றாக ஒளிரும். வேண்டியது ஒளிரும்போது ஒரே ஒரு பட்டனை அழுத்த வேண்டும். பேச முடியாதவர்களுக்கு அதுதான் வாய். என் தம்பிக்கும் அதுதான். விபத்துக்குப் பிறகு அவனுக்கு அசைவது வலது கட்டைவிரல் மட்டுமே. புதிய பதிப்பில் எழுத்துகள் இரண்டு மடங்கு வேகமாக ஓடும். வேகத்தைக் குறைக்கும் வசதியையும் தூக்கிவிட்டார்கள். ஏன்? திரை பார்க்கச் சுத்தமாக இருக்கிறதாம்!

நான் கத்தினேன். தேதிக்காரர் நிதானமாக, “அடுத்த பதிப்புல பாத்துக்கலாமே” என்றார்.

மார்ச் 5

அடுத்த பதிப்பு எட்டு மாதம் கழித்து. எட்டு மாதம் தம்பி என்ன செய்வான் — கொட்டாவி விடுவானா?

பழையதையே வைத்துக்கொள்ளலாமே என்கிறாள் வடிவமைப்புப் பெண். எல்லார் கணினியிலும் பதிப்பு தானாக மாறும்படி செய்தவளே அவள்தான்.

மார்ச் 7, வெள்ளி

எங்களுக்குள் ஒரு விதி உண்டு. உறுப்பினர் எவரும் வருடத்துக்கு ஒருமுறை ‘நிறுத்து’ சொல்லலாம். சொன்ன குறை சரியாகும்வரை பதிப்பு வெளிவராது. என்னுடையதை ஜனவரியிலேயே தீர்த்துவிட்டேன். எதற்கு? என்னைக் கேட்காமல் வடிவமைப்புப் பெண் பட்டனுக்குச் சாணி நிறம் அடித்தாள் என்று. சாணி நிறத்துக்கு! என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும்.

மற்றவர்களைக் கெஞ்சிப் பார்த்தேன். எழுத்துருவைக் கவனிக்கும் அண்ணன் தன்னுடையதை வேறெதற்கோ பத்திரமாக வைத்திருக்கிறாராம். மொழிபெயர்க்கும் அக்கா, எதற்கு வீண் சண்டை என்று நழுவிவிட்டார். மிச்சப் பேர் பதிலே போடவில்லை.

மார்ச் 9, ஞாயிறு

தம்பியிடம் கொட்டித் தீர்த்தேன். பயன்படுத்துகிறவனை மனுஷனாகவே மதிக்காத கூட்டம் என்றேன். முழுதும் கேட்டுவிட்டு, தானே ‘நிறுத்து’ சொல்வதாக எழுதினான். அட மடையா, நீ உறுப்பினரே இல்லையே, பத்துப் பிழையாவது கண்டு சொன்னவர்தான் உறுப்பினர் என்றேன்.

எழுத்துகள் ஓடின. கட்டைவிரல் அழுத்திக்கொண்டே இருந்தது. காத்திருந்தேன்.

“முப்பத்தேழு சொல்லியிருக்கேன். யார் பேர்ல போட்ட?”

மார்ச் 10

என் பேரில். மூன்று வருடமாக.

அவன் சொல்லச் சொல்ல உட்கார்ந்து தட்டச்சு செய்தது நான்தானே, ஒரு பெயர் போதும் என்று நினைத்தேன். நினைத்தேனா? கூட்டத்தில் என்னைக் கழுகுக் கண் என்று புகழ்ந்தார்களே, அப்போது ஏன் வாயைத் திறக்கவில்லை? மதிக்கவில்லை, மதிக்கவில்லை என்று ஊரையே ஏசினேன். கொழுப்புதான், வேறென்ன.

மார்ச் 11, செவ்வாய்

குழுவுக்கு எழுதிவிட்டேன். முப்பத்தேழும் அவனுடையவை, பெயரை மாற்றுங்கள் என்று. அப்படியானால் உங்களுடையது எத்தனை என்று கேட்டார் தேதிக்காரர்.

நாலு.

நிரல் எழுத ஆள் வேண்டுமே என்று என்னை உறுப்பினராகவே விட்டுவைத்தார்கள். சிரித்திருந்தால்கூடத் தேவலை.

மார்ச் 18, செவ்வாய்

தம்பி இப்போது பன்னிரண்டாவது உறுப்பினர். கூட்டத்தில் அவன் முறை வந்தது. ஒரு நிமிடம்கூட ஆகவில்லை, வடிவமைப்புப் பெண் அடுத்த விஷயத்துக்குத் தாவினாள். எனக்கு ஜிவ்வென்று ஏறியது. நான் வாயைத் திறப்பதற்குள் தேதிக்காரரே, “அவர் பேசிட்டிருக்கார்மா” என்றார். அவரா? அவரேதான்.

ஆறு நிமிடம். எல்லாரும் அவன் திரையில் ஓடுகிற எழுத்துகளையே பார்த்துக்கொண்டிருந்தோம்.

“நிறுத்து. நான் மெதுவா பேசற ஆள். வேகத்தை என் கையில விடுங்க.”

இருபதாம் தேதி ரத்து. புதுத் தேதி ஏப்ரல் மூன்று. வேக வசதியைத் திரும்ப எழுதுவது என் பொறுப்பு. நானே கேட்டு வாங்கிக்கொண்டேன்.

ஏப்ரல் 2, புதன்

நாளை வெளியீடு. என் பகுதியை முடித்து நாலு நாளாகிறது. எல்லாரும் பார்த்து நன்றாக இருக்கிறது என்றார்கள். இன்று காலை பத்து மணிக்கு ஒரு பிழை பதிவாகியிருக்கிறது. முப்பத்தெட்டாவது. அவனே, அவன் பேரில். வேகத்தைக் குறைத்துவிட்டுப் பலகையை மூடித் திறந்தால் மறுபடியும் தலைதெறிக்க ஓடுகிறதாம். அதாவது நான் எழுதிய பகுதி. அடுத்த பதிப்புக்குத் தள்ள வேண்டாம் என்று கீழே குறிப்பு வேறு!

பக்கத்து அறையில்தான் இருக்கிறான். வீட்டுக்குள் ஒரு வார்த்தை சொன்னால் குறைந்தா போய்விடுவான்? பன்னிரண்டு பேர் பார்க்கிற இடத்தில்தான் என் மானத்தை வாங்க வேண்டுமா? நேரே போய்க் கேட்டேன். பலகையைப் பார்த்துக்கொண்டு நின்றேன், கையைக் கட்டிக்கொண்டு.

“அங்கதானே போடணும்.”

திரும்பி வந்து மூடித் திறந்து பார்த்தேன். அவன் சொன்னது சரி.