பூச்சியத்துக்குக் கீழே

பெப்ரவரி 20, வெள்ளி

மூச்சுக் கருவியின் படலம் கடைசியில் வழிக்கு வந்துவிட்டது. மயிரிழையைவிடப் பல மடங்கு மெல்லிய நானோ இழைகள். மூச்சிலுள்ள அமோனியா பட்டால் திரையில் கோடு ஏறும். சிறுநீரகம் பழுதாகிறவர்களின் மூச்சில் அது கூடும். என் கணவர் பேர்னாட்டுக்கும் கூடித்தான் இருக்கும். அளக்க ஒன்றும் இருக்கவில்லை. நாங்கள் அறிந்தபோது இயந்திரத்தில் போட்டு இரத்தம் சுத்திகரிக்கும் கட்டம். போன வருடம் போய்விட்டார். இந்தக் கருவி இன்னொரு வீட்டுக்காவது நேரத்தோடு சொல்லவேண்டும். வேறு ஆசை எனக்கு இல்லை.

இன்று பூச்சியம் வைத்தோம். அதாவது, நோயில்லாத ஒருவரின் மூச்சைக் காட்டி, இதுதான் சாதாரணம் என்று கருவியைப் பழக்குவது. ஊதுமுன் ஒரு மிடறு தண்ணீர் குடிக்கவேண்டும். உதவியாளர் இர்ஷானா கையை விரித்தாள். "எனக்கு நோன்பு மிஸ். நீங்களே ஊதுங்களன்."

நானே ஊதினேன்.

பெப்ரவரி 26

காலையில் எழும்பும்போது தலையணையில் அவருடைய மணம். கடைசி மாதங்களில் அவர் வாயிலிருந்து வந்த அதே நெடி. "எண்ட வாய் மணக்குதா புள்ள?" என்று கேட்பார். இல்லை என்பேன்.

தலையணை புதிது. அவர் தலை வைத்ததே இல்லை. பிறகு எப்படி? விஞ்ஞானம் படித்தவளுக்கு இப்படிப் பயப்பட வெட்கமாக இருக்கிறது. ஆனாலும் பயமாகத்தான் இருக்கிறது.

மார்ச் 2

தலையணை உறையை மறுபடி தோய்த்தேன். போகவில்லை.

மார்ச் 9, திங்கள்

பேர்னாட்டின் அம்மா வாழைச்சேனையிலிருந்து வந்து என்னோடு நிற்கிறார். மாமிக்குச் சொல்லாமல் இருக்கத்தான் பார்த்தேன். கட்டில் விரிக்கும்போது அவரே தலையணையை மணந்து பார்த்து, முகத்தை அதில் புதைத்துக்கொண்டார். "ஓம் மகள், எண்ட புள்ளட மணம்தான். அவனுக்கு ஒரு பூசை ஒப்புக்குடுப்பம்."

ஒப்புக்கொடுத்தோம். மணம் நின்றபாடில்லை. என்ன வேணும் உங்களுக்கு, பேர்னாட்? என்னையும் கூட்டிட்டுப் போகத்தான் வந்து நிக்கிறீங்களா? சாப்பாடு இறங்குதில்ல. காலெல்லாம் கனக்குது — நித்திரை இல்லாததாலதான், வேறென்ன.

மார்ச் 25, புதன்

நோன்புப் பெருநாள் முடிந்து இர்ஷானா இனிப்பு வட்டிலப்பத்தோடு வந்தாள். ஆய்வுகூடத்தில் எல்லாரையும் ஊதச் சொன்னோம். ஒருவர் விடாமல் கோடு பூச்சியத்துக்குக் கீழே இறங்கியது. அடுத்த மாதம் கிளினிக்குக்குக் கொண்டுபோக இருக்கிற கருவி! வாவிக் காற்றின் ஈரம் குடித்துப் படலம் நாசமாகிவிட்டது என்று கத்தினேன்.

இர்ஷானா மட்டும் திரையைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். "மிஸ், எல்லாருக்கும் ஒரேயளவுதானே இறங்குது. பூச்சியத்த எண்ட மூச்சில வச்சுப் பாப்பமா?"

வைத்தோம். மற்றவர்கள் ஊத, கோடு பூச்சியத்திலேயே நின்றது. பிறகு நான் ஊதினேன்.

ஏறியது. ஏறிக்கொண்டே போனது.

"மெசின் பிழையா இருக்கும் மிஸ்," என்றாள். வட்டிலப்பத்தை ஒருவரும் தொடவில்லை.

பிழை இல்லை. கருவி சரியாகத்தான் வேலை செய்கிறது. பிழையான மூச்சைச் சாதாரணம் என்று அதற்குப் பழக்கியது நான். அப்படியென்றால் அந்தத் தலையணையில் மணத்தது என் மூச்சு —

மார்ச் 31

இரத்தப் பரிசோதனை முடிவு வந்தது. சிறுநீரகம் பாதிக்கு மேல் போய்விட்டதாம். மிச்சத்தை மருந்தில் பிடித்து வைக்கலாம் என்கிறார் டொக்டர். "நேரத்தோட வந்திட்டீங்க," என்றார். பேர்னாட்டுக்கு யாரும் சொல்லாத வார்த்தை. ஆஸ்பத்திரி வாசலில் நின்று அழுதேன்.

மாமிக்கு இன்னும் சொல்லவில்லை.

ஏப்ரல் 6, திங்கள்

உயிர்ப்பு ஞாயிறு முடிந்து மாமி ஊருக்குப் போனார். வெளிக்கிடும்போது பார்த்தால், என் தலையணையைப் பையில் அமுக்கிக்கொண்டிருக்கிறார்.

"இத நான் கொண்டு போகட்டா மகள்? எண்ட புள்ளட மணம் இருக்கிற மட்டும் வச்சிருக்கன்."

சொல்ல வாயெடுத்தேன். அவருடைய முகத்தைப் பார்த்தேன்.

"கொண்டு போங்க மாமி," என்றேன்.

பஸ்ஸில் யன்னலோரம் இருந்து, அதை மடியில் வைத்து அணைத்தபடி எனக்குக் கை காட்டினார்.