ஆளை வைத்துக்கொண்டுதான் பேச வேண்டுமாம்

மேசைமேல் ஒரு பை நிறைய ரம்புட்டான் பழம் இருக்கிறது. குற்றாலத்தில் சீசன் தொடங்கிவிட்டது. நேற்றுச் சாரலில் நனைந்த அந்தத் துணிப்பை இன்னும் காயவில்லை. கூடமெல்லாம் ஈர வாசம். பழத்தோடு வந்தவர் வாசுதேவநல்லூர்க்காரர், எலுமிச்சை விவசாயி. ஓய்வுபெற்ற டீச்சர் வீட்டுக்கு முன்பின் தெரியாதவர் பழம் வாங்கி வந்தால் காரணம் என்னவென்று உனக்குத் தெரியும். சம்பந்தம் பேசுமுன் பையனைப் பற்றி விசாரிக்கத்தான் வந்திருந்தார். எந்தப் பையனை என்று கேள். உன் மகனை.

நீ கண்ணை மூடி இரண்டு வருடமாகிவிட்டது. இன்னும் என்னை நிம்மதியாக இருக்க விடமாட்டேன் என்கிறாய்.

ஒரே பள்ளிக்கூடத்தில் நம் இருவரிடமும் படித்த பிள்ளைகளைப் பற்றி விசாரிக்க வருகிறவர்களுக்கு நான் ஒரு விதமாகப் பதில் சொல்வேன், நீ ஒரு விதமாகச் சொல்வாய். நான் கணக்கு டீச்சர். எனக்கு இரண்டு விதிகள் போதும்: பொய் சொல்லக் கூடாது, கேட்டதற்கு மேல் சொல்லக் கூடாது. என் வீட்டுக்காரருக்கு விதியெல்லாம் கிடையாது. சொன்னால் என்ன நடக்கும், யாருக்கு எவ்வளவு நல்லது என்று கூட்டிக் கழித்துப் பார்ப்பார். நீ இரண்டையும் ஒதுக்கிவிட்டு, "இதச் சொன்னா நான் எப்படிப்பட்ட ஆளா ஆவேன்?" என்று ஆரம்பிப்பாய். ஒருவர் இல்லாத இடத்தில் அவரை எடைபோடுகிறவளாக ஆகிவிடுவாயாம். அதனால் வந்தவர்களை உட்காரவைத்துவிட்டு, யாரைப் பற்றிக் கேட்கிறார்களோ அந்த ஆளையே வரவழைப்பாய்.

பக்கத்துத் தெருப் பெண்ணைக் கூப்பிட்டு நடுவில் உட்காரவைத்தாயே, நானும் அன்று இருந்தேன். "இவளுக்குக் கோவம் வரும். வந்தா கதவு சத்தம் போடும். ஆனா யாரயும் முதுகுக்குப் பின்னால பேச மாட்டா" என்றாய். மாப்பிள்ளை வீட்டார் முன்னாலேயே அவள், "கதவு சத்தத்தயுமா டீச்சர் சொல்லணும்?" என்று சிணுங்கினாள். அவர்கள் சிரித்துவிட்டார்கள், கல்யாணம் நடந்தது. வேறு சில சம்பந்தங்கள் அப்படி உட்கார்ந்த இடத்திலேயே முறிந்தன. கடைசியில் தென்காசியில் இருந்த தரகர் உன் தெருவைத் தவிர்த்துச் சுற்றுவழியில் போக ஆரம்பித்தார். உனக்கு அதில் ஒரு வருத்தமும் இல்லை. பக்கத்தில் இருந்த எனக்குத்தான் மானம் போயிற்று.

ஐந்தருவியில் நீ செய்ததையும் நான் இன்னும் மன்னிக்கவில்லை. பெண்கள் வரிசையில் கால் கடுக்க நின்று, அருவிக்கு அருகில் வந்துவிட்டோம். திவலை முகத்தில் தெறிக்கிறது. அப்போது ஒரு கிழவி, "நிக்க முடியல தாயி, முன்ன விடுவியளா?" என்று கேட்டாள். வரிசை என்றால் வரிசைதான் என்பது என் கட்சி. ஆனாலும் வயதானவள், நமக்கு முன்னால் விட்டால் முடிந்தது என்று நானே இறங்கி வந்தேன். நீ, "ஆச்சி, என் எடத்துல நில்லுங்க" என்று சொல்லிவிட்டு வரிசையின் கடைசிக்கு நடக்க ஆரம்பித்தாய்.

"ஏட்டி, எங்கன போற?"

"என் எடத்தத்தான நான் கொடுக்க முடியும்? பின்னால நிக்கவங்க எடத்த எடுத்துக் கொடுக்க நான் யாரு?"

உன்னைத் தனியே விட மனமில்லாமல் நானும் வந்து தொலைந்தேன். மறுபடி நாம் முன்னால் வருவதற்குள் தண்ணீர் செம்மண் நிறத்தில் கூடிவிட்டது. போலீஸ்காரர்கள் விசில் ஊதி எல்லோரையும் வெளியேற்றினார்கள். தலையில் தேய்த்த எண்ணெயோடு பஸ் ஏறித் தென்காசிக்கு வந்தோம். "ஒரு கெழவி குளிச்சா, ரெண்டு டீச்சருமாரு குளிக்கல. மொத்தத்துல நஷ்டம்" என்று என் வீட்டுக்காரர் கணக்கை முடித்தார்.

அன்று பஸ்ஸில் உன்னிடம் சண்டை போட்டேன். "விதின்னா பாத்துச் சொல்லிறலாம். பலன்னா கூட்டிப் பாக்கலாம். நல்லவ என்ன செய்வான்னு கேக்கச் சொல்லுதியே, அது தெரிஞ்சா நான் எதுக்கு ஒன்ட்ட கேக்குதேன்?" என்றேன். "கொழம்புக்கு உப்பு எவ்வளவுன்னு யாரு எழுதி வச்சிருக்கா? போட்டுப் போட்டுத்தான் கை பழகும்" என்றாய். உன் குழம்பில் உப்பு எப்போதும் கூடத்தான் இருக்கும் என்பதால் அந்த உதாரணம் என்னிடம் எடுபடவில்லை.

நேற்றைக்கு வருகிறேன். எலுமிச்சைக்காரர் காபியைத் தொடாமல் வைத்துக்கொண்டு கேட்டார். "டீச்சர், எனக்கு ஒரே பொண்ணு. பையனுக்குக் குடி உண்டா?"

நீ போன பிறகு உன் மகன் குடித்தான். சாயங்காலமானால் யார் போன் செய்தாலும் எடுக்கமாட்டான். பிறகு யாரும் சொல்லாமல், தானாகவே விட்டான். விட்டு ஒரு வருடத்துக்கு மேலாகிறது. ஆகவே "இல்லை" என்று நான் சொன்னால் பொய் இல்லை. கேட்டதற்கு மேல் சொன்னதும் இல்லை. என் இரண்டு விதிகளும் எனக்குத் தேர்ச்சி போட்டுவிடும். அவருக்குப் பின்னால் நின்ற என் வீட்டுக்காரரும், சொல்லு, சொல்லு என்று கண்ணைக் காட்டினார். நாங்கள் இரண்டு பேரும் ஒரே விடைக்கு வந்தது இந்த நாற்பது வருடத்தில் அதுதான் முதல் தடவை. சொல்லத்தான் வாய் வரவில்லை. அந்த மனிதர் என்னை நம்பி மலையடிவாரத்திலிருந்து பஸ்ஸேறி வந்திருக்கிறார். உண்மையை வைத்தே ஏமாற்றுகிறவளாக ஆக எனக்குப் பிடிக்கவில்லை. எனக்குப் பிடிக்காமல் போனதற்கு யார் காரணம்?

போனை எடுத்து உன் மகனைக் கூப்பிட்டேன். ஆடிட்டர் ஆபீஸிலிருந்து நனைந்துகொண்டே பைக்கில் வந்தான். "ஏலே, இவங்க ஒனக்குக் குடி உண்டான்னு கேக்காங்க. நீயே சொல்லு" என்றேன்.

முகம் கறுத்துவிட்டது அவனுக்கு. கொஞ்ச நேரம் ஹெல்மெட்டைத் துடைத்துக்கொண்டிருந்தான். பிறகு, "குடிச்சேன். அம்மா போனப்புறம். இப்ப இல்ல. இனிமேயும் வேண்டாம்னுதான் இருக்கேன்" என்றான்.

அவர் அவனைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்தார். "ஒங்க பொண்ணுன்னா கொடுப்பியளா டீச்சர்?"

எனக்குப் பெண் இல்லை என்று தப்பித்திருக்கலாம். "அவளக் கேட்டுட்டுக் கொடுப்பேன், அண்ணாச்சி. இவன் இப்பச் சொன்னத அவ முன்னாலயும் சொல்லச் சொல்லுவேன்" என்றேன்.

"பொண்ணுகிட்ட எதுக்கு இதெல்லாம்?" என்று எழுந்தார். காபி ஆடை கட்டிக் கிடந்தது. செருப்பை மாட்டிக்கொண்டு திரும்பிப் பார்க்காமல் போனார்.

"போச்சு. நல்ல எடம்" என்றார் என் வீட்டுக்காரர். உன் மகன் அதற்கு மேல். "எங்கம்மாவே பரவால்ல அத்த. கூப்பிடும்போதே எதுக்குன்னு சொல்லிருவா. தயாரா வரலாம்" என்றான். இரவு படுக்கையில் உன்னை நான் திட்டாத திட்டு இல்லை. ஒரு பையனின் வாழ்க்கை போயிற்றே, என் மனச்சுத்தத்துக்கு அவனா கிடைத்தான் என்று. உன் வழியில் எனக்குள்ள பெரிய சந்தேகமே அதுதான். நல்லவளாக இருப்பதற்கு விலை கொடுக்கிறவர் பல நேரம் வேறு யாரோ.

இன்று காலை ஒரு போன். புது நம்பர். "டீச்சர், நான் வாசுதேவநல்லூர்லேர்ந்து பேசுதேன். நேத்து வந்தது எங்கப்பாதான். வீட்டுக்கு வந்து ஒரே சத்தம். நான் அந்த மாப்பிள்ளைய நேர்ல பாக்கணும் டீச்சர். ஒங்க வீட்டுல வச்சு."

"வாம்மா. அப்பா வருவாங்களா?"

"கூட்டிட்டு வருவேன். மாப்பிள்ளைட்டச் சொல்லுததுக்கு எனக்கும் ஒண்ணு இருக்கு. அப்பா அதச் சொல்ல வேண்டாம்னு வச்சிருந்தாங்க. அவரு வாயால சொன்னாருன்னு கேட்டப்புறம் எனக்கு மறைக்கப் பிடிக்கல."

அது என்ன என்று நான் கேட்கவில்லை. கேட்க எனக்கு எவ்வளவு ஆசையாக இருந்தது என்பது உனக்குத் தெரியும். ஆள் வரட்டும் என்று வாயைக் கட்டிக்கொண்டேன்.

இந்தச் சம்பந்தம் நடக்குமா என்று தெரியவில்லை. உடைந்தாலும் உடையும், அப்போதும் உன்னைத்தான் திட்டுவேன். உன் வீடும் நகையும் உன் மகனுக்குப் போயின. இந்தப் பிடிவாதத்தை மட்டும் யாரைக் கேட்டு என்னிடம் விட்டுப் போனாய்? அவிழ்த்துப் போடவும் முடியவில்லை, உன்னைப் போலச் சிரித்துக்கொண்டு சுமக்கவும் வரவில்லை. ஞாயிற்றுக்கிழமை எல்லோரும் வருகிறார்கள். எல்லோரையும் வைத்துக்கொண்டு பேசுவதென்றால் வீட்டில் நாற்காலி போதாது. எதிர்வீட்டில் இரவல் கேட்டிருக்கிறேன்.