கப்பல் வரும் என்று சொன்ன குரல்

கண்டாவு தீவு
ஞாயிற்றுக்கிழமை

அன்பு மகன் சாக்கியுசாவுக்கு அம்மா கெலேரா எழுதுவது. நீயும் உன் மனைவியும் குழந்தையும் சிட்னியில் சளி இருமல் இல்லாமல் இருக்க வேண்டும் என்று தினமும் ஜெபத்தில் கேட்கிறேன். எனக்கு உடம்பில் ஒரு குறையும் இல்லை, மனசு மட்டும் சரியில்லை, காரணம் கீழே இருக்கிறது. அம்மா ஏன் போனை எடுப்பதில்லை என்று மொசேசே மாமாவிடம் கேட்டாயாம். இனியும் எடுக்கமாட்டேன். என் குரல் ஒருமுறை உன் கைக்கு வந்து பட்டபாடு போதும், அதனால்தான் இந்தக் காகிதம்.

சேப்பங்கிழங்கு இந்த வருஷம் நன்றாக விழுந்திருக்கிறது. வேரை இடித்துக் குடிக்க விற்கிற யங்கோனாச் செடிகளில் பாதியைக் காற்று சாய்த்துவிட்டது. பன்றி மறுபடி வேலியைப் பிய்த்துக்கொண்டு போதகர் வீட்டுத் தோட்டத்தில் புகுந்தது, அவர் ஒன்றும் சொல்லவில்லை, அவர் மனைவி சொல்ல வேண்டியதையெல்லாம் சொன்னாள். எபேலி ஆஸ்பத்திரியிலிருந்து வந்துவிட்டான். வலது கால் முட்டிக்குக் கீழே இல்லை. இதை மாமா உனக்கு மெல்லச் சொல்லியிருப்பார், அவர் எதையும் மெல்லத்தான் சொல்வார், அதனால் நடந்ததை நடந்தபடி நான் எழுதுகிறேன்.

போன கிறிஸ்துமஸுக்கு நீ வந்தபோது கோயில் பின்னறையில் என்னை உட்காரவைத்து மைக்கை நீட்டினாய். எதுக்குடா என்றேன். அங்க வளர்ற நம்ம பிள்ளைங்க நம்ம பேச்சை மறந்துடக் கூடாதும்மா, அவங்களுக்கு ஒரு நாடகம் பண்றேன் என்றாய். நாடகத்தை விட்டுவிட்டுக் கம்ப்யூட்டர் வேலைக்குப் போன பிள்ளைக்கு அந்த ஆசை இன்னும் போகவில்லை என்று சந்தோஷப்பட்டு, நீ காட்டிய இடத்தையெல்லாம் வாசித்தேன். நாளை வரும். நாளை வராது. காலை. மாலை. தயவுசெய்து காத்திருங்கள். ஒன்றுக்கொன்று ஒட்டாத பேச்சு. யாருடா காத்திருக்கா, யாருக்காக என்று கேட்டேன். நீ சிரித்துக்கொண்டே, அதெல்லாம் கடைசியில தெரியும்மா என்றாய். தெரிந்தது.

கப்பல் கம்பெனிக்குப் போன் போட்டால் மிஷினில் என் குரல் பேசுகிறது என்று முதலில் வந்து சொன்னது எபேலி பெண்டாட்டி வாசிதிதான். எங்களுக்கு அன்றைக்கு அது வேடிக்கை. நானும் விழுந்து விழுந்து சிரித்தேன். அதன்பிறகு துணி துவைக்கப் போனாலும் விடமாட்டார்கள். என்ன கெலேரா அக்கா, கப்பலை எப்ப விடப்போறீங்க, எங்க யங்கோனா வேர் மூட்டையெல்லாம் கரையில பூஞ்சை பிடிக்குது, கொஞ்சம் மனசு வையுங்க என்பார்கள். உன்னைக் கேட்டதற்கு, உங்க குரல் எவ்வளவு தெளிவுன்னு ஆபீஸ்ல எல்லாரும் பேசுறாங்கம்மா, பெருமையா இல்லையா என்றாய். கொஞ்சம் இருந்தது என்றுதான் சொல்ல வேண்டும்.

புயல் வாரத்தில் எபேலியின் கால் புண் கறுத்துவிட்டது. சர்க்கரைக்காரன் கால், சுவா பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்க, தள்ளிப்போடாதீங்க என்று நர்ஸ் சொல்லிவிட்டாள். படகில் வுனிசேயா போய் விமானம் பிடிக்கலாம் என்றார் மாமா. வாசிதி கப்பலுக்குப் போன் போட்டாள். வியாழன் காலை வரும் என்று போனுக்குள்ளிருந்து நான் சொன்னேன். கடல் இப்படி இருக்கே, வருமா என்று மாமா இழுத்தார். கெலேராவே சொல்றா, வரும் என்று வாசிதி அவனைத் தூக்கிக்கொண்டு துறைக்குப் போய்விட்டாள். மிஷின் என்று அவளுக்குத் தெரியாதா? மூளைக்குத் தெரிஞ்சுது, காதுக்குத் தெரியலையே என்று பிறகு என்னிடமே அழுதாள்.

வியாழன் போய் வெள்ளியும் போயிற்று. நான் டீயும் வேகவைத்த கிழங்கும் எடுத்துக்கொண்டு துறைக் கொட்டகைக்குப் போனேன். மழை உள்ளே சாரலடிக்கிறது, எபேலி சாக்கின் மேல் படுத்திருக்கிறான். வாசிதி மறுபடி போன் போட்டாள். கப்பல் வரும், தயவுசெய்து காத்திருங்கள் என்று என் குரல் அந்தப் போனிலிருந்து அன்பாகப் பேசுகிறது, நான் பக்கத்தில் வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். எபேலி போனைப் பார்க்கவில்லை மகனே. என் வாயைப் பார்த்தான். கப்பல் சுவாவை விட்டுக் கிளம்பவே இல்லை, அதை அந்த மிஷினுக்குச் சொல்ல ஒருவருக்கும் தோன்றவில்லை. சனிக்கிழமை மாமாதான் அலையோடு அலையாகப் படகில் ஏற்றிக்கொண்டு போனார். டாக்டர் பார்க்கும்போது கால் கைமீறிப் போயிருந்தது.

அன்று உன்னைக் கூப்பிட்டேன். நீ என்ன சொன்னாய்? தகவல் குடுக்கிறது கப்பல்காரங்கம்மா, நாங்க குரல் மட்டும்தான் குடுக்கறோம் என்றாய். குரல் மட்டும்தான்! யாருடைய குரலை யார் கொடுப்பது? என்னிடம் ஒரு வார்த்தை கேட்டிருந்தால் நான் மாட்டேன் என்றுகூடச் சொல்லியிருக்கமாட்டேன், அதுதான் எனக்கு ஆறவில்லை. எடுத்துவிடு என்றால் அது இப்ப கம்பெனியோடதும்மா என்கிறாய். என் தொண்டையடா அது.

நீ வேலை மாறியதை நான் குறை சொல்லவில்லை. இந்த வயசுலயும் மச்சான் வீட்டு சோபாவுல படுக்கறேன், ரேடியோ நாடகம் சோறு போடாதும்மா என்று நீ அழுதபோது, போய் வேறு தொழில் படி என்று அனுப்பினவளே நான்தான். ஆனால் நினைத்துப் பார். நீ ரேடியோவில் குடிகாரனாக நடித்தபோது எபேலி ஊரெல்லாம் போய், அது நான்தான்டா, பய என்னைத்தான் நடிக்கிறான் என்று மார்தட்டினான். அங்கே நீ ஆயிரம் பொய் பேசினாய், எல்லோருக்கும் அது நாடகம் என்று தெரியும், ஒருவருக்கும் நகம்கூடப் பெயரவில்லை. நல்ல சம்பளம், நல்ல சட்டை, பெரிய ஆபீஸ் என்று போன பிறகுதான் உன் பொய்க்கு ஒருவன் கால் போயிருக்கிறது.

போன வாரம் நானும் மாமாவும் மன்னிப்புக் கேட்கும்போது முன்னால் வைக்கிற திமிங்கலப் பல்லை எடுத்துக்கொண்டு அவர்கள் வீட்டுக்குப் போனோம். பாயில் உட்கார்ந்து, தலை குனிந்து, முறைப்படி மாமா பேசினார். வாசிதி சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தாள். எபேலி மரியாதையாகக் கேட்டுவிட்டு, பல்லைக் கையில் வாங்காமலே சொன்னான். மொசேசே அண்ணே, உங்க மேல எனக்கு ஒண்ணும் இல்ல, இதை எடுத்துட்டுப் போங்க, அவன் வரட்டும். அவனுக்காக அவங்கம்மா பேசினது போதும் என்றான். எழுந்து வருவதற்கு எனக்குக் கால் இருந்ததே அந்த வீட்டில் வெட்கமாக இருந்தது.

ஈஸ்டருக்குள் வா. வேலையை விட்டுவிட்டு வா என்று சொல்லவில்லை, லீவு போட்டு வா. மிஷினில் வேறு ஆள் குரலை மாற்றிவிட்டேன், பிரச்சினை தீர்ந்தது என்று எழுதாதே, அந்த வேறு ஆளும் யாரோ ஒருத்தன் அம்மா. எபேலி முன்னால் உட்கார்ந்து நீ உன் வாயால் பேச வேண்டும். அவன் ஏற்றாலும் சரி, முகத்தைத் திருப்பினாலும் சரி.

குழந்தைக்கு நெஞ்சில் எண்ணெய் தேய்க்க மறக்காதே. கர்த்தர் உங்கள் மூவரையும் கண்மணிபோல் காக்கட்டும். உன்மேல் எனக்குள்ள கோபத்தையும் அவரே பார்த்துக்கொள்ளட்டும், என்னால் இன்னும் முடியவில்லை.

உன்னைப் பெற்றவள்,
கெலேரா