நீங்கள் கட்டிவைத்த இடதுபக்கக் கதவு

என் பிரியத்துக்குரிய பிரபு அப்பாவுக்கு,

நலமா என்று கேட்டால், "போய்ச் சேர்ந்தவன்கிட்ட கேக்குற கேள்வியா இது?" என்று சிரிப்பீர்கள். சிரியுங்கள். பதினொரு மாதமாக அந்தச் சிரிப்பு கேட்காமல் வீடு வீடாகவே இல்லை.

முதலில் கெட்ட செய்தியைச் சொல்லிவிடுகிறேன். போன வாரம் எவனோ நம் காரின் கண்ணாடியை உடைத்து டேப்பைக் கழற்றிக்கொண்டு போய்விட்டான். உங்கள் கேசட்டுகளையும் விட்டுவைக்கவில்லை. கட்டையில போறவன், அந்தப் பழைய பாட்டையெல்லாம் கேட்டாவது திருந்தட்டும். ஆஸ்டின் டவுனில் நம் தெரு எப்படி என்று உங்களுக்குத் தெரியும், வண்டியை வாசலில் விட்டால் அது ஊருக்கே பொது.

நல்ல செய்தியும் உண்டு. நான் கார் ஓட்டுகிறேன். நாற்பத்தாறு வயதில் லைசென்ஸ் வாங்கி, கார்மென்ட்ஸ் வேலைக்கு நானே ஓட்டிக்கொண்டு போகிறேன் என்றால் நம்புவீர்களா? ஆரம்பத்தில் கிளட்சை விட்டால் வண்டி குதிக்கும். இப்போது குதிப்பதில்லை. ஓசூர் ரோட்டில் லாரிக்காரன் ஹாரன் அடித்தால் நானும் திருப்பி அடிக்கிறேன்.

ஆனால் நம் பிள்ளை பிரபு மட்டும் சந்தோஷப்படவில்லை. கண்ணாடி உடைந்த அன்றே, "வித்துடலாம்மா" என்றான். ஈஜிபுராவில் ஒருவரிடம் பேசி, ஞாயிற்றுக்கிழமை வந்து பார்க்கச் சொல்லிவிட்டான். எனக்கு வந்ததே கோபம். "உங்கப்பா வாங்கின வண்டி, நான் ஓட்டுறேன். விக்கச் சொல்ல நீ யாருடா? ஒரு டேப்பு போனதுக்கு வண்டியையே தூக்கிக் குடுப்பியா?" என்று கத்தினேன். "டேப்புக்காகச் சொல்லலம்மா" என்றான். பின்னே எதற்கு என்று கேட்டேன். சட்டையை மாட்டிக்கொண்டு வெளியே போய்விட்டான்.

ஞாயிறு வருவதற்குள் வண்டியைப் பத்திரப்படுத்திவிட்டால் அவனுக்கு வாய் இருக்காது என்று நினைத்தேன். சனிக்கிழமை லீவு போட்டுவிட்டு ஜே.சி. ரோட்டுக்கு ஓட்டிக்கொண்டு போனேன். அங்கே பஷீர் என்று ஒருவர், பிளாட்பாரத்தை ஒட்டிய கடையில் அலாரமும் நான்கு கதவுக்கும் சேர்த்து லாக்கும் பொருத்துகிறார். உங்கள் வயதுதான் இருக்கும். கேள்வி கேட்டே ஆளைக் கொன்றுவிட்டார்.

"அக்கா, ரிமோட்ட ஒரு தடவ அமுக்கினா நாலு டோரும் தொறக்கணுமா, டிரைவர் டோர் மட்டுமா?"

"எது நல்லதுங்க?"

"தனியா ஓட்டுற லேடீஸுக்கு டிரைவர் டோர் மட்டும் போதும் அக்கா. அந்தப் பக்கத்துல எவனும் ஏறி ஒக்கார மாட்டான். ரெண்டாவது தடவ அமுக்கினா மிச்சம் மூணும் தொறக்கும். இன்னொண்ணு, லாக்க தொறந்துட்டு நீங்க ஏறலன்னா, அர நிமிஷத்துல தானா பூட்டிக்கும். பேக்கா, பேடவா?"

கன்னடத்தில் வேணுமா, வேண்டாமா என்று கேட்டுவிட்டு என் முகத்தையே பார்த்தார். பூட்டும்போது கீச்சென்று சத்தம் வரணுமா, லைட் மட்டும் மின்னினால் போதுமா? தொட்டாலே கத்தணுமா, தட்டினால் கத்தணுமா? ஒரு பூட்டுக்கு இத்தனை யோசனையா என்று எனக்குத் தலை சுற்றியது. நீங்கள் இருந்திருந்தால் அவரோடு டீ குடித்துக்கொண்டே மத்தியானம் வரை பேசியிருப்பீர்கள். நான் கேட்டதற்கெல்லாம் தலையாட்டினேன். இடதுபக்க முன்கதவைப் பற்றி மட்டும் முன்கூட்டியே சொல்லிவைத்தேன்.

அந்தக் கதவு உள்ளேயிருந்து திறக்காது என்றேன். பத்து வருஷமாக அதனால் நான் பட்ட பாடு அவருக்கு எப்படித் தெரியும்? வண்டி நின்றதும் நீங்கள் இறங்கி, முன்னால் சுற்றிவந்து, வெளியிலிருந்து திறந்துவிட வேண்டும். "ஜாம் ஆயிடுச்சு சரோஜா, பார்ட் கெடைக்கல" என்பீர்கள். எதிர்வீட்டு மேரி அக்கா, "மகாராணி எறங்குறாங்க, வழி விடுங்கப்பா" என்று கிண்டல் செய்வார். எனக்கு ஒருபக்கம் வெட்கம், ஒருபக்கம் எரிச்சல். உங்கள் தங்கையிடம்கூட, "உங்கண்ணன் மகா கஞ்சன், ஒரு கைப்பிடி மாத்த மனசு வரல" என்று சொல்லியிருக்கிறேன். நீங்கள் கடைசியாக ஃபேக்டரிக்குப் போன அன்று காலையிலும் இந்தக் கதவுக்காகத்தான் உங்களை வைதேன். அன்று மத்தியானம் நெஞ்சுவலி என்று போன் வந்தது. நான் ஓடி வருவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. அந்த வசவை இன்றுவரை என்னால் திரும்ப வாங்க முடியவில்லை.

பஷீர் கதவின் உள்பலகையைக் கழற்றினார். உள்ளே டார்ச் அடித்துப் பார்த்தார்.

"அக்கா, இது கெட்டுப்போன டோர் இல்ல. யாரோ கட்டி வெச்சிருக்காங்க."

எட்டிப் பார்த்தேன். உள்கைப்பிடியிலிருந்து பூட்டுக்குப் போகும் கம்பியைக் கழற்றி, ஓரமாக மடக்கி, செப்புக் கம்பியால் சுற்றியிருந்தது. ஆடி சத்தம் வராமல் இருக்கத் துணி வேறு வைத்திருந்தது. அந்தத் துணி என் பழைய நீலப் புடவை.

"பின் டோருக்கு சைல்ட் லாக் உண்டு அக்கா. முன் டோருக்குக் கம்பெனிக்காரன் வெக்க மாட்டான். இது உங்க வீட்டுக்காரரே செஞ்ச சைல்ட் லாக்" என்றார் பஷீர். சின்னப் பிள்ளைகள் யாராவது முன்னால் உட்காருவார்களா என்று கேட்டார். நான் என்னவென்று சொல்வேன்? அந்தச் சின்னப் பிள்ளை நான்தானே.

அப்போதுதான் ஞாபகம் வந்தது. இருபது வருஷம் பஸ்ஸில் போய் வந்த உடம்பு இது. ஸ்டாப் வருவதற்கு முன்பே குதித்து இறங்கினால்தான் கார்மென்ட்ஸ் கேட்டை மூடுமுன் உள்ளே போக முடியும். கார் வாங்கிய புதிதிலும் வண்டி நிற்பதற்குள் கதவைத் திறந்து ஒரு காலை வெளியே வைத்துவிடுவேன். ஒருநாள் ரிச்மண்ட் ரோட்டில் அப்படித் திறந்தபோது, இடதுபக்கம் வந்த சைக்கிள்காரர் கதவில் மோதி விழுந்தார். முழங்கை சிராய்ப்போடு தப்பித்தார். நீங்கள் அவருக்கு மருந்து போட்டு, டீ வாங்கிக் கொடுத்து அனுப்பினீர்கள். என்னை ஒரு வார்த்தை சொல்லவில்லை.

அடுத்த வாரம் கதவு "ஜாம்" ஆகிவிட்டது. அதையும் இதையும் முடிச்சுப் போட எனக்கு ஏன் தோன்றவில்லை? இனி செய்யாதே என்று என்னைத் திட்டியிருக்கலாமே. கஞ்சன் என்ற பெயரைப் பத்து வருஷம் சுமந்துகொண்டு, மழையிலும் வெயிலிலும் சுற்றிவந்து கதவைத் திறந்தீர்களே, பாவி மனுஷா. ஜே.சி. ரோட்டு நடைபாதையில் உட்கார்ந்து அழுதேன். பஷீர் தண்ணீர் வாங்கிக் கொடுத்துவிட்டு வேறு வண்டியைப் பார்க்கப் போய்விட்டார்.

திரும்பி வந்து, "கம்பிய அப்படியே விட்டுடட்டா, கழட்டட்டா? ஏதாவது ஆச்சுன்னா உள்ள இருக்கிறவங்க வெளிய வர முடியாது அக்கா" என்று கேட்டார். கழற்றச் சொன்னேன். நீங்கள் பக்கத்தில் இருந்து பார்த்துக்கொண்டதால் அது சரிப்பட்டது. இப்போது அந்த சீட்டில் பிரபுதான் உட்காருகிறான். பதிலுக்கு ஒன்று கேட்டு வாங்கினேன். இன்ஜினை ஸ்டார்ட் செய்ததும் நான்கு கதவும் தானாகப் பூட்டிக்கொள்ளும். சாவியை அணைத்தால்தான் நான்கும் திறக்கும். கதவிலுள்ள பட்டனைக் கையால் தூக்கியும் திறக்கலாம், ஆனால் அதற்கு ஒரு நொடி யோசிக்க வேண்டும்.

சாயங்காலம் தெருப் பிள்ளைகளின் பந்து பட்டு அலாரம் ஊளையிட்டது. மேரி அக்கா முக்காடு போட்டு ஜெபத்தில் இருந்தவர் அப்படியே வாசலுக்கு ஓடிவந்தார். "சரோஜா, உன் வண்டிக்கு என்ன வந்துச்சு?" என்றார். தட்டினால் கத்துவதை இன்னும் கொஞ்சம் குறைத்து வைக்க வேண்டும்.

ஞாயிறு காலை ஈஜிபுராக்காரர் வந்து வண்டியைச் சுற்றிப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் பிரபுவை உள்ளே கூப்பிட்டு அந்தச் செப்புக் கம்பியை மேஜையில் வைத்தேன். "உங்கப்பா வேணும்னேதான்டா அந்தக் கதவக் கட்டி வெச்சிருந்தாரு" என்றேன்.

அவன் ஆச்சரியப்படவில்லை. "தெரியும்மா. அவரு கட்டும்போது நான்தான் புடிச்சிக்கிட்டேன். உன்கிட்ட சொல்லக் கூடாதுன்னு சத்தியம் வாங்கினாரு."

"அப்ப விக்கணும்னு ஏன்டா நிக்கிற?"

"இப்ப நீ ஓட்டுற பக்கத்துக் கதவ யாரும்மா கட்டுறது? போன மாசம் மார்க்கெட்டுகிட்ட வண்டி நிக்கிறதுக்குள்ள கதவத் தொறந்த. பின்னாடி பஸ்ஸு வந்துச்சு. நான் எதிர்க்கடையிலேருந்து பாத்துட்டிருந்தேன், கத்தக்கூட முடியல. அப்பாவும் போயிட்டாரு. நீயும் போயிட்டா நான் யார்கிட்டம்மா போவேன்?"

உங்கள் காரியத்தன்றுகூட அழாத பிள்ளை, அந்த மேஜையில் தலையை வைத்து அழுதான். அவன் முதுகைத் தடவிக்கொடுத்தேன். வண்டி என்னிடம் இருக்க வேண்டும் என்று அவனோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தேன். அவனோ நான் அவனிடம் இருக்க வேண்டும் என்று நின்றிருக்கிறான்.

ஈஜிபுராக்காரரைக் கொஞ்சம் காத்திருக்கச் சொல்லிவிட்டு, அவனைப் பக்கத்தில் உட்காரவைத்து அல்சூர் ஏரி வரை ஓட்டிக்கொண்டு போய் வந்தேன். வீட்டு வாசலில் நிறுத்தி, சாவியை அணைத்து, கண்ணாடியில் பின்னால் பார்த்தேன். ஒரு ஆட்டோ போகும்வரை காத்திருந்து, அப்புறம் கதவைத் திறந்தேன். பிரபு இறங்கிப் போய், "சாரி சார், அம்மா ஓட்டுற வண்டி, விக்கல" என்று சொல்லி அந்த மனிதரை அனுப்பிவைத்தான்.

பஷீர் வைத்த லாக் என்னை ஒரு நொடிதான் தடுக்கும். மிச்சத்தை நான்தான் செய்ய வேண்டும். செய்வேன். பின்னால் பார்க்காமல் இனி ஒருநாளும் கதவில் கை வைக்க மாட்டேன். உங்களுக்கு அவசரம் ஒன்றும் இல்லையே? கொஞ்ச வருஷம் பொறுத்திருங்கள். நம் பிள்ளைக்கு நான் வேண்டும்.

திட்டியதற்கெல்லாம் மன்னிப்புக் கேட்கும்,
உங்கள் வீட்டுக்காரி, பிரபுவின் அம்மா,
சரோஜா