உப்பு இறால் ஜாடி

மார்ச் 9, ஞாயிறு

பத்தொன்பது வருடமாகச் சபைச் சமையலறையில் வெந்துகொண்டிருக்கிறேன். போன குளிர்காலத்தில் வந்த கில் பாஸ்டர் இன்று ஒரே அறிவிப்பில் என்னைத் தூக்கிப் போட்டுவிட்டார். மூப்பர்களுக்கென்று நான் தனியாக வைக்கும் மேசை இனி கிடையாதாம். பொரித்த மீனும் கிடையாது. எல்லாருக்கும் ஒரே சூப்.

“சபைக்கு நடுவுல இயேசு மட்டும்தான் இருக்கணும்” என்றார். அப்போ இத்தனை நாள் நடுவில் என் மீனா இருந்தது?

அதோடு விட்டாரா? மூத்த சபைப் பெண்களுக்குக் கொடுக்கும் குவொன்சா பட்டம் வேண்டுமென்றால் சீஷத்துவ வகுப்பை முடிக்க வேண்டுமாம். எனக்குப் பின்னால் வந்தவளெல்லாம் குவொன்சா அம்மா. நான் இன்னும் வெறும் ஓக்-பூன். இந்தத் தடவை வாங்காமல் விடமாட்டேன்.

மார்ச் 16

முதல் வகுப்பு. ஆளுக்கொரு கேள்விப் புத்தகம். வாரம் ஒரு கேள்விக்குப் பதில் எழுதி, சனிக்கிழமை சபை அலமாரியில் வைக்க வேண்டும். ஐம்பத்தெட்டு வயதில் வீட்டுப்பாடம்!

எதிரே ச்சுன்-ஜா. என்னோடு பேசி ஆறு வருடம் ஆகிறது. நான் சமைத்ததைத் தொடமாட்டாள், வீட்டிலிருந்து டப்பா கொண்டுவருவாள். திமிர். ஆனால் பக்கம் பக்கமாக எழுதுகிறாள்.

ஏப்ரல் 5, சனி

அலமாரியிலிருந்து ச்சுன்-ஜாவின் புத்தகத்தை எடுத்து, பெயரை மட்டும் விட்டுவிட்டுக் காப்பியடித்தேன். வாராவாரம் இதுதான்.

ஏப்ரல் 13

பாஸ்டர் என் புத்தகத்தில் சிவப்பு மையில் எழுதியிருக்கிறார்: “உள்ளத்திலிருந்து வந்த பதில்.” யார் உள்ளமோ.

மே 10, சனி

எழுதித் தொலைக்கிறேன்.

இந்த வாரக் கேள்வி: இயேசுவின் பின்னால் போகவிடாமல் உன்னைத் தடுப்பது எது? எப்போதும் போல் ச்சுன்-ஜாவின் பதிலைப் படிக்காமலே வரிவரியாகப் பார்த்து எழுதிக்கொண்டே போனேன்.

“கணவரை அடக்கம் செய்து பத்து நாள். சபையில் குளிர்காலத்துக்கு முட்டைக்கோஸை ஊறவைத்துக் கிம்ச்சி போட்டார்கள். நினைவில்லாமல் முட்டைக்கோஸுக்கு இரண்டு முறை உப்புப் போட்டுவிட்டேன். அவள் விரலால் தொட்டு நக்கிப் பார்த்து, ‘இதை மனுஷன் தின்பானா?’ என்று நாற்பது பெண்கள் முன்னால் என் தொட்டியை முற்றத்தில் கவிழ்த்தாள். திருவிருந்து வாங்கும்போதும் அந்த முகம்தான் தெரிகிறது. ஓக்-பூனை என்னால் மன்னிக்க முடியவில்லை.”

என் பெயரை என் கையாலேயே எழுதி முடித்த பிறகுதான் உறைத்தது.

இவளை யார் இதையெல்லாம் எழுதச் சொன்னது? பாஸ்டரிடம் என்னைப் போட்டுக்கொடுக்கவா? புருஷன் போன துக்கமென்றால் வீட்டில் இருக்க வேண்டியதுதானே.

மே 11

உப்பு கூடிப்போனால் ஒன்றும் குடிமுழுகிப் போகாது. முட்டைக்கோஸைத் தண்ணீரில் ஊறப்போட்டால் இறங்கிவிடும். அது எனக்கு அன்றைக்கே தெரியும்.

தெரிந்துதான் கவிழ்த்தேன். அவளை எல்லாரும் தாங்கு தாங்கென்று தாங்கினார்கள், எனக்குப் பொறுக்கவில்லை.

மே 18

பாஸ்டரிடம் போய் நின்றேன். “எல்லாம் காப்பி. மொத்தமும் ச்சுன்-ஜாவோடது.”

“தெரியும். நீங்களா சொல்றீங்களான்னு பார்த்தேன்” என்றார். கல்லுளிமங்கன்.

“அப்போ பட்டம்?”

“அடுத்த வருஷம் முதல்ல இருந்து வாங்க. உங்க கையால எழுதுங்க.”

ஒரு ஆறுதல் வார்த்தை இல்லை. வரும் வழியெல்லாம் அவரைத் திட்டிக்கொண்டே வந்தேன்.

அக்டோபர் 19

ஏழு பேர் குவொன்சா ஆனார்கள். ச்சுன்-ஜாவும். நான் கைதட்டப் போகவில்லை. அடுப்பில் சூப் இருந்தது. எரிச்சல் எரிச்சலாக வந்தது.

நவம்பர் 23

ச்சுன்-ஜாவை வாசலில் மறித்தேன். “வெள்ளிக்கிழமை கிம்ச்சி முட்டைக்கோஸுக்கு உப்பு நீ போடுறியா?”

“எதுக்கு, மறுபடி கவிழ்க்கவா?” ஆறு வருடத்தில் முதல் பேச்சு.

“அன்னிக்கு நான் செஞ்சது தப்பு. வேணும்னுதான் செஞ்சேன்.”

“தெரியும்” என்று போய்விட்டாள். மன்னிச்சேன் என்று சொல்ல வாய் வரவில்லை மகாராணிக்கு. நானும் கெஞ்சவில்லை.

நவம்பர் 29, சனி

நேற்று உப்பு நானே போட்டேன். பயந்து பயந்து போட்டேன். இன்று மிளகாய் மசாலாவில் உப்பில் ஊறிய இறாலைக் கலந்து இலைகளில் தடவும் நாள். வழக்கப்படி ஆளாளுக்கு ஒரு இலையைச் சுருட்டி அடுத்தவள் வாயில் ஊட்டிக்கொண்டிருந்தார்கள். ச்சுன்-ஜா வந்து ஓரமாக நின்றாள். கையில் டப்பா இல்லை.

ஒரு இலையைக் கிழித்துச் சுருட்டி அவள் வாய்க்கு நேரே நீட்டினேன். நீட்டிய கை வலிக்கிற வரைக்கும் பார்த்துக்கொண்டே நின்றாள். பிறகு வாயைத் திறந்தாள்.

மென்றாள். மெதுவாக மென்றாள்.

“உப்பு பத்தலைக்கா.”

நாற்பது பேர் முன்னால். காது வரைக்கும் சூடேறியது. உப்பு இறால் ஜாடியை அவள் பக்கம் தள்ளினேன்.

இரண்டு கரண்டி போட்டாள். ஒன்றே போதும். நான் வாயைத் திறக்கவில்லை.