முதல் குழாய் ரத்தம்

மார்ச் 4

இன்று எழுதப்போவதை ஏழுலகத்திலும் எவனும் நம்பமாட்டான். இது சத்தியம்.

என் ரத்தத்தில் வலைவீசித் தேடுகிறார்கள். அக்கா மகள் வேலை பார்க்கும் ஆய்வுக்கூடத்தில் நானோ துகள் என்று ஒன்று இருக்கிறது. அதன் முன்னால் தூசி ஒரு மலை. எடுத்த ரத்தத்தில் அதைக் கலந்தால், கட்டியிலிருந்து கழன்று வந்த செல்லைத் தேடிப் போய் ஒட்டிக்கொள்ளுமாம். குழாய்க்குப் பக்கத்தில் காந்தத்தை வைத்தால், திருடனைக் காதைப் பிடித்து இழுத்து வருவதுபோல் வெளியே கொண்டுவந்துவிடுமாம். போன வருடம் என் குடலில் வெட்டி எடுத்த கட்டி எச்சம் ஏதும் வைத்துப் போயிருக்கிறதா என்று பார்க்கத்தான் இத்தனை ஆர்ப்பாட்டம்.

ரத்தம் எடுத்த நர்ஸம்மா முதல் குழாயைக் குப்பையில் போடப் போனார். ராஜ ரத்தம், ஒரு சொட்டு வீணானாலும் நாட்டில் மழை பெய்யாது என்று புலம்பினேன். சிரித்துக்கொண்டே அதையும் மற்றதோடு அனுப்பிவிட்டார்.

மார்ச் 7

அசதி. மாடிப்படி இரவோடு இரவாக வளர்ந்திருக்கிறது.

மார்ச் 11

அக்கா மகள் வந்து செருப்பைக்கூடக் கழற்றாமல் நின்றாள். காந்தத்தில் நிறைய ஒட்டியிருந்ததாம். மனைவி அடுப்பை அணைத்துவிட்டு அப்படியே உட்கார்ந்துவிட்டாள்.

"மாமா, முதல் குழாயைத் தூக்கிப் போட்டாங்களா?"

"ஏன், அதுக்கென்ன?"

"ஊசி தோலைக் குத்திட்டு உள்ள போறப்போ தோல் செல்லும் கூட வந்துடும். துகள் அதையும் பிடிச்சுக்கும். அதான் முதல் குழாயை நாங்க தொடறதே இல்ல."

ராஜ ரத்தக் கதையைச் சொன்னேன். அவள் சிரித்தாளா, அழுதாளா, தெரியவில்லை.

"அந்த வாயைத்தான் முதல்ல வெட்டி எடுத்திருக்கணும்" என்றாள் மனைவி.

மார்ச் 13

மறுபடி எடுத்தார்கள். முதல் குழாய் குப்பைக்குப் போனது. நான் பேசவே இல்லை. உடம்பு சரியில்லையா என்று நர்ஸம்மா கேட்டார். ஆஸ்பத்திரியில் வைத்துக் கேட்கிற கேள்வியா அது?

மார்ச் 16

தோல்தான். தோலாகத்தான் இருக்கணும். இல்லேன்னா?

மார்ச் 20

அக்கா மகள் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

"ஒண்ணு இருக்கு, மாமா."

ஒன்றுதானே என்றேன். ஒன்றுதான் என்றாள். என் கையை விடவில்லை.

மார்ச் 28

ஸ்கேனில் கல்லீரல் ஓரமாக மிளகளவு ஒரு புள்ளி. சீக்கிரம் பிடித்துவிட்டோம், அதுவே பாதி பலம் என்றார் டாக்டர். திங்கட்கிழமை முதல் மருந்து ஏறும். மனைவி பையில் துண்டுகளைத் திணிக்கிறாள், ஒரு படைக்குப் போதும் அளவுக்கு.

இந்தப் பக்கங்களில் நான் அளந்ததை யாரும் நம்பவேண்டாம். அந்த ஒரே ஒரு செல் மட்டும் உண்மை.