அப்பா நிமிர்ந்து பார்த்த கோயில்

அன்பு மகள் மாலிஸுக்கு அம்மா எழுதுவது. கொரியாவில் குளிர் விட்டுப் போயிருக்கும், உன் கைவெடிப்பு ஆறியிருக்கும் என்று நினைத்துக்கொள்கிறேன். நாங்கள் எல்லோரும் இங்கே சுகம் என்று வழக்கம்போல் தொடங்கத்தான் உட்கார்ந்தேன், அந்த வரி வரமாட்டேன் என்கிறது. போனில் சொல்லலாமே என்பாய். நீ கூப்பிடும்போதெல்லாம் அப்பா பக்கத்திலேயே இருக்கிறார், கழுத்துக்குக் கீழே தெரியாதபடி போனைப் பிடித்துக்கொண்டு உன்னிடம் சிரிக்கிறார். எதிர்வீட்டு சொக்லெங்கின் தங்கை நீ இருக்கும் ஊர்ப் பக்கம் வேலைக்குப் போகிறாள், அவள் கையில் இதைக் கொடுத்தனுப்புகிறேன். தனியாக உட்கார்ந்து படி.

அப்பாவுக்கு வயிற்றுப்புண் என்று உன்னிடம் சொன்னோம் இல்லையா, அது புண் இல்லை மகளே, கல்லீரல். புத்தாண்டுக்கு முன்பே புனோம்பென்னுக்குக் கூட்டிக்கொண்டு போனோம். அங்கே டாக்டர் இனி அறுத்துப் பயனில்லை, வீட்டுக்குக் கூட்டிப் போய் அவர் ஆசைப்படுவதைக் கொடுங்கள் என்று சொல்லிவிட்டார். வீட்டுக்கு வந்ததும் என்ன சமைக்கட்டும் என்று கேட்டேன். சாப்பாடு வேண்டாம், த்ரபியாங் ஸ்வாய் கோயிலைப் பார்க்க வேண்டும் என்றார். எனக்கு ஒன்றும் புரியவில்லை. நீ கைக்குழந்தையாக இருந்தபோது அந்தக் காட்டில்தானே கண்ணிவெடி எடுத்துக்கொண்டிருந்தார், பார்க்காத கோயிலா என்று கேட்டேன். "எங்க பாத்தேன்? எனக்கு முன்னால ஒரு முழம் மண்ணத்தான் பாத்தேன். எங்க ஆளுங்களுக்குக் கோயிலுக்கு வெளிய இருந்த காடு மட்டும்தான். அது முடியறதுக்குள்ள வேற மாகாணத்துக்கு அனுப்பிட்டாங்க" என்றார்.

உன் மாமா நாரித் மோட்டார் சைக்கிளுக்குப் பின்னால் வண்டியைப் பூட்டி, வைக்கோல் பரப்பி, அதன்மேல் மெத்தை போட்டுக் கொண்டுவந்தான். அத்தானை மாப்பிள்ளை மாதிரி அழைத்துப் போகிறேன் என்று கேலி வேறு. போன வாரம் விடியும்போதே கிளம்பினோம். இப்போது கோயில் வாசல்வரை செம்மண் பாதை போட்டிருக்கிறார்கள், வெளியூர்க்காரர்கள் வேனில் வந்து இறங்குகிறார்கள், பள்ளிக்கூடப் பிள்ளைகள் அகழிக் கரையில் ஓடுகிறார்கள். அப்பா என் தோளைப் பிடித்துக்கொண்டு இறங்கினார், ஆனால் தலையை நிமிர்த்தவே இல்லை. மண்ணைப் பார்த்துப் பார்த்துத்தான் ஒவ்வொரு அடியும் வைத்தார். வாசலுக்கு முன்னால் பெரிய இலவமரத்தடியில் ஒரு பெண் கரும்புச்சாறு விற்றுக்கொண்டிருந்தாள், பெயர் நியாரி என்றாள், நல்ல வாயாடி. "என்ன தாத்தா, எதையாவது தொலைச்சிட்டீங்களா? தரையவே தேடிக்கிட்டு வர்றீங்க" என்று கேட்டாள். பழக்கம் அம்மா என்று சொல்லிவிட்டு அங்கேயே நின்றுவிட்டார். வேரைப் பார்த்தார், மரத்தைச் சுற்றி வந்தார், அவளுடைய பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து இரண்டு வாய் சாறு குடித்தார். அவளோ, இந்த இடத்தில் ஒரு காலத்தில் குண்டு இருந்ததாமே, என் வீட்டுக்காரன் சொல்லிப் பயமுறுத்துகிறான், உண்மையா என்று கேட்டாள். அப்பா கோப்பையைக் கீழே வைத்தார். பிறகு, "இங்க மண்ணு சுத்தமா இருக்கு. நான் என் கையால பாத்த இடம். நீ பயப்படாம கடை போடு" என்றார். அவள் சாற்றுக்குக் காசு வாங்க மறுத்துவிட்டாள்.

உள்ளே போனதும் நிமிர்ந்து பாருங்கள் என்று நான்தான் அவர் தாடையைத் தொட்டுத் தூக்கினேன், சின்னப் பிள்ளைக்குச் செய்வதுபோல. நிலைவாசலுக்கு மேலே கல்லில் தேவர்களும் அசுரர்களும் பாம்பைப் பிடித்துக் கடல் கடைகிறார்கள், பாதி உதிர்ந்துபோயிருக்கிறது, ஒரு அசுரனுக்குத் தலையைக் காணோம், யாரோ வெட்டி எடுத்துக்கொண்டு போயிருக்கிறார்கள். நான் வேலை செய்த நாளெல்லாம் இது இங்கேயா இருந்தது என்று முணுமுணுத்தார். எவ்வளவு நேரம் பார்த்தார் என்று தெரியாது, நாரித் வந்து வெயில் ஏறுகிறது என்றபோதுதான் திரும்பினார். சந்தோஷப்பட்டாரா என்று கேட்காதே, எனக்குச் சொல்லத் தெரியவில்லை.

அப்புறம் அருவிக்குப் போக வேண்டும் என்றார். வேலை முடிந்த மாலைகளில் அவர்கள் எல்லோரும் குளித்த இடமாம், பேசினால் ஒருவர் குரல் ஒருவருக்குக் கேட்காதாம். போய்ப் பார்த்தால் மேலே குன்று முழுக்க முந்திரித் தோட்டம், காட்டையே வழித்துவிட்டார்கள். கறுத்த பாறைமேல் நூல்போல ஒரு தண்ணீர், அவ்வளவுதான். நாரித்துக்கே முகம் விழுந்துவிட்டது. அப்பா சட்டையைக் கழற்றினார், இருக்கிற தண்ணீரை முதுகில் ஊற்றச் சொன்னார். மாசக்கணக்காகத் தனியாகத்தான் குளித்துக்கொண்டிருந்தார், அதனால் அன்றைக்குத்தான் நான் அவர் உடம்பைப் பார்த்தேன் மாலிஸ். முதுகெலும்பை எண்ணிவிடலாம், வயிறு மட்டும் வீங்கிக் கிடக்கிறது. கட்டம்போட்ட துண்டை நனைத்து நனைத்துப் பிழிந்தேன், அழுதது அவருக்குத் தெரியக்கூடாது என்று முதுகுப் பக்கமே நின்றேன்.

அப்போதுதான் ரின்னைப் பற்றிச் சொன்னார். கூட வேலை பார்த்தவர், நம் வீட்டுக்கு வந்து உன்னைத் தூக்கிக் கொஞ்சியிருக்கிறார். வெடியில் போனார் என்று தெரியும், இடம் எனக்குத் தெரியாது. அந்த இலவமரத்தடியில்தானாம். அந்தப் பெண்ணிடம் ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன். "அவ தினமும் அங்கதான உக்காந்து சிரிக்கணும்" என்றார். இன்னொன்றும் சொன்னார். "மாலிஸ்கிட்டயும் சொல்லாத. வந்துட்டா அவளை மறுபடி வேலைக்கு எடுப்பாங்களோ மாட்டாங்களோ. எல்லாம் முடிஞ்சப்புறம் சொல்லிக்கலாம்."

அன்றைக்குச் சரி என்று தலையாட்டிவிட்டேன். திரும்பி வந்ததிலிருந்து அவர் வீட்டுப் படி இறங்கவில்லை. கஞ்சியும் இரண்டு கரண்டிக்கு மேல் போவதில்லை. பகலெல்லாம் பாயில் கிடக்கிறவர், நீ கூப்பிடும் நேரம் வந்தால் மட்டும் தலை வாரச் சொல்கிறார். கடைக்காரப் பெண்ணுக்குத் தெரியாமல் இருப்பது அவளுக்கு நல்லது, நான் ஒப்புக்கொள்கிறேன். நீ அவர் பெற்ற பெண். உனக்குத் தெரியாமல் அவரை அனுப்பிவைக்க என்னால் ஆகாது. இத்தனை வருஷத்தில் அவர் பேச்சை நான் மீறினதில்லை, இதில் மீறுகிறேன்.

புறப்பட்டு வா மகளே. முதலாளியிடம் உள்ளதைச் சொல்லிக் கேள், விடாவிட்டாலும் வா. வேலை போனால் போகட்டும், வேறு பார்த்துக்கொள்ளலாம். போனில் அழுதுவிடாதே, அம்மா எழுதினாள் என்று காட்டிக்கொள்ளாதே. மழை தொடங்கிவிட்டது, பெரிய சாலையிலிருந்து உள்ளே வரும் பாதை சேறாகக் கிடக்கும், பேருந்திலிருந்து இறங்கியதும் நாரித்தைக் கூப்பிடு, நீயாக நடந்து வராதே. புத்தர் உனக்குத் துணையிருக்கட்டும், வழியில் எந்த இடைஞ்சலும் இல்லாமல் நீ வந்து சேர வேண்டும் என்று தினமும் ஊதுபத்தி கொளுத்துகிறேன். உன்னை வாசலில் பார்த்ததும் அப்பா திட்டுவார். ஏன் வந்தாய் என்று உன்னையும், ஏன் எழுதினாய் என்று என்னையும் திட்டுவார். அவருக்குத் திட்டத் தெம்பு இருக்கும்போதே வந்துவிடு.

உன் வரவுக்காகக் காத்திருக்கும்
அம்மா
ஈம் சரோம்